துண்டுக்குப் பின்னால் பதினொரு பேர்

டிவியின் அடிப்பகுதியில் ஒரு சிவப்புத் துண்டைக் குறுக்காகக் கட்டினார்கள்.

"இன்னும் ரெண்டு விரல் ஏத்துப்பா. எழுத்து தெரியுது" என்றார் நாட்டாமை.

முருகன் அண்ணன் துண்டை ஏற்றிக் கட்டினார். அவர் என் பெரியப்பா மகன். டிவி முன்னால் கேம் ஆடப்போகிறவரும் அவர்தான்.

"சத்தம்?"

"அதையும் அமுக்கிடு. உள்ள ஒருத்தன் இங்கிலீசுல பேரு சொல்லிக்கினே கீறான்."

சத்தமும் போனது. பிறகு நாட்டாமை என் பக்கம் திரும்பி, "பாப்பா, நீ பின்னால போ" என்றார். பத்து அடி போனேன். "இன்னும்" என்றார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிற புளியமரம் முதுகில் இடிக்கும்வரை போனேன்.

அங்கிருந்து பார்த்தால் அந்தச் சின்ன டிவி சோப்பு டப்பா அளவுக்குத்தான் இருந்தது. பச்சைத் தரையில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் பதினொரு பேர், சாமை அரிசி சிந்தினதுபோல் அங்கங்கே கிடந்தார்கள். யார் யார் என்று நான் சொல்ல வேண்டும். பந்து வைத்திருப்பவனுக்குத் திரையின் அடியில் வருகிற பேர் துண்டுக்குப் பின்னால் இருந்தது. முதுகில் இருக்கிற எண் அத்தனை தூரத்துக்குத் தெரியாது.

எல்லோரையும் சரியாகச் சொன்னால் பெரு நாட்டு அணி எனக்கு. ஒருவர் தப்பினாலும் அதை அப்பா வீட்டிலேயே விட்டுவிட்டு, வாழப்போகிற ஊரின் அணிக்கு மாறிக்கொள்ள வேண்டும். மாற மாட்டேன், மாறச் சொன்னால் கல்யாணமே வேண்டாம் என்று நாலு நாள் முன்னால்தான் எங்கள் ஊரும் மாப்பிள்ளை ஊரும் கேட்க நான் வாய்விட்டிருந்தேன்.

மாப்பிள்ளை டிவிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். துண்டைத் தூக்கிப் பார்த்து, நான் சொன்னது சரியா தப்பா என்று சொல்கிற வேலை அவருக்கு.

சென்ற வாரம் இந்தத் தொடரில், "கல்யாணத்துக்கு முன்பு ஒரு பஞ்சாயத்தும் நடந்தது" என்று ஒற்றை வரியில் தாண்டிப் போயிருந்தேன். வரதட்சணைத் தகராறா என்று சிலர் கவலைப்பட்டு எழுதியிருக்கிறார்கள். அதெல்லாம் இல்லை. எங்கள் மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரிசம் கொண்டுவர வேண்டும். பஞ்சாயத்து ஒரு கால்பந்து அணிக்காக நடந்தது. அதுவும் டிவிக்குள் மட்டும் இருக்கிற அணி.

மிளகோடு வந்த பெட்டி

எங்கள் ஊர் பலாக்கொல்லை. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம், அப்புறம் நடை. எங்கள் பக்கத்திலிருந்து கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போகிறவர்கள் உண்டு. முருகன் அண்ணன் ஒரு வருஷம் போய்விட்டுத் திரும்பியபோது ஒரு பை மிளகும் ஒரு கருப்புப் பெட்டியும் கொண்டுவந்தார். பெட்டியிலிருந்து இரண்டு ஒயர்கள் தொங்கின. ஒவ்வொரு ஒயர் நுனியிலும் நண்டு மாதிரி ஒரு கைப்பிடி.

"இன்னாண்ணே இது?"

"கேமு. மொதலாளி வூட்டுப் பசங்க புதுசு வாங்கிட்டாங்க. இத தூக்கிப்போட இருந்தாங்க, கேட்டு வாங்கியாந்தேன்."

அதோடு ஒரே ஒரு சிடி. கால்பந்து.

எங்கள் ஊரில் அதுவரை யாரும் கால்பந்து ஆடியதில்லை. ஆடினால் ஒரு உதைக்குப் பந்து ஓடைவரை உருளும். போய் எடுத்துவர அரைமணி நேரம் ஆகும். அதனால் நாங்கள் பார்த்த முதல் கால்பந்து மைதானமே அந்த டிவிக்குள் இருந்ததுதான். பெரியப்பா முதல் ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டு, "இவ்ளோ சமமான நெலம். ஒண்ணும் வெதைக்காம சும்மா ஓடிக்கினு கீறானுங்க" என்று வருத்தப்பட்டார்.

நடுவருக்கு எங்கள் ஊரில், வனத்துறை ஆளை நினைத்து, ரேஞ்சர் என்று பேர். திடீரென்று விசில் அடித்து, ஓடுகிறவனை நிறுத்தி, காரணம் சொல்லாமல் சீட்டு நீட்டுகிற வேறு யாரையும் நாங்கள் பார்த்ததில்லை.

கேம் ஆட யாராலும் முடியும். ஆனால் அதைத் தொடங்கப் படிக்கத் தெரிய வேண்டும். எல்லாம் இங்கிலீஷ். முருகன் அண்ணன் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை இந்தத் தொடரில் எத்தனை முறைதான் சொல்லுவீர்கள் என்று பத்திரிகையில் கேட்டார்கள். தொடர் முடிகிறவரை சொல்லுவேன்.

அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். "இது தொடங்கு, இது டீம் எடு, இது சேமி" என்று சொல்ல ஆள் வேண்டுமே. அதனால் சித்தப்பாக்களுக்கும் பெரியப்பாவுக்கும் முன்னால், டிவிக்கு நேராக எனக்கு இடம் கிடைத்தது. வீரர்களின் பேர்களைப் படிப்பதும் நான்தான். கோல் விழுந்தால் எல்லோரும் டிவியைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார்கள். அடித்தவன் யாரென்று நான் சொன்னால்தான் கைதட்டுவார்கள். அந்த ஒரு நொடி நான் சும்மா இருந்து பார்ப்பேன். ஊரே காத்திருக்கும்.

யாருக்கு எந்த நாடு

முருகன் அண்ணனுக்கு பிரேசில். மிளகுத் தோட்டத்து முதலாளி வீட்டு வாசலில் கூரை அளவுக்கு ஒரு மஞ்சள் பிரேசில் கொடி கட்டியிருந்ததாம். "அந்தக் கொடி நெழல்ல ஒக்காந்துதான் ஒரு வருசம் சோறு துன்னேன். வேற எது எடுப்பேன்?" என்றார்.

எங்கள் மலையில் மனிதர்கள் இரண்டு வகை. பங்காளி, மாமன் மச்சான். பங்காளிக்குள் பெண் எடுக்க மாட்டோம். பங்காளி வீட்டில் ஒரு சாவென்றால் எல்லா வீட்டுக்கும் தீட்டு. ஆக, ஒருவர் பிரேசில் என்றால் எல்லோரும் பிரேசில். பெரியப்பா, சித்தப்பாக்கள், என் அப்பா, ஒருவர் விடாமல் அன்று மாலைக்குள் பிரேசில் ஆகிவிட்டார்கள். அது எங்கே இருக்கிறதென்று யாரும் கேட்கவில்லை. நம்ம பையன் சொல்லிவிட்டான், முடிந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம் கல்லோடை. எங்களுக்கு மாமன் மச்சான் ஊர். அவர்கள் இரண்டு நாள் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் முருகன் அண்ணனைக் கேட்டார்கள்.

"பிரேசிலுக்கு ஆவாதவன் யாரு?"

"அர்ஜென்டினா."

"அப்ப நாங்க அது."

சட்டை என்ன கலர் என்றுகூடப் பார்க்கவில்லை.

ஊர்க்காரர்கள் என்பதால், பிடித்த ஆட்டக்காரருக்காக, அப்பா ரசிகர் என்பதால், எப்போதும் ஜெயிப்பதால் என்று மனிதர்கள் அணியைப் பிடிப்பதற்குப் பல காரணங்கள் இருப்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் இருந்தது ஒரே காரணம்தான். மச்சானை வம்புக்கு இழுக்க வேண்டும்.

பொங்கல் முடிந்த மறுநாள் இரண்டு ஊருக்கும் ஆட்டம் என்று ஆனது. தோற்ற ஊர் இரண்டு ஊருக்கும் சமைக்க வேண்டும்.

கணக்கில் வராதவள்

என்னை யாரும் கேட்கவில்லை. பேர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தபோது நானே ஒன்றில் நின்றேன். பெரு. வெள்ளைச் சட்டை. தோளிலிருந்து இடுப்புவரை சாய்வாக ஒரு சிவப்புப் பட்டை. பதினொரு பஸ் கண்டக்டர்கள் பை மாட்டிக்கொண்டு ஓடுவதுபோல இருந்தது. பிரேசிலுக்கு ஐந்து நட்சத்திரம், இதற்கு இரண்டரை. என் புவியியல் புத்தகத்தில் அந்த நாட்டில் மலைமேல் ஊர்கள் இருக்கின்றன என்று ஒரு வரி இருந்தது. அது போதும் என்று அழுத்திவிட்டேன்.

"இன்னா இது, பாப்பா வேற எதையோ வச்சிக்கினு கீது?" என்றார் பெரியப்பா.

"வச்சிக்கட்டும் வுடு" என்றார் பெரியம்மா. "நாளைக்கு வேற வூட்டுக்குப் போறவதானே."

அதாவது, எங்கள் ஊரில் தன் அணியைத் தானே தேர்ந்தெடுத்த ஒரே ஆள் நான். யாரும் எனக்கு உரிமை கொடுக்கவில்லை. நான் எந்தக் கணக்கிலும் இல்லை, அவ்வளவுதான். கணக்கில் இல்லாமல் இருப்பதில் இப்படி ஒரு வசதி இருப்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன்.

அந்த கேமில் தொடர்ந்து ஆடினால் வீரர்களுக்கு மதிப்பெண் ஏறும். ஏறினதெல்லாம் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மெமரி கார்டில் சேமித்து வைக்கலாம். கல்லூரி முடிகிறவரை நான் வளர்த்தேன். ஓடத் தெரியாதவனை ஓடவைத்தேன். இடது காலில் உதைக்கத் தெரியாதவனுக்கு இடது கால் வந்தது. இரண்டரை மூன்றானது, மூன்று மூன்றரை ஆனது. என் கட்டைவிரலில் காய்ப்பு விழுந்தது. பங்காளிகளில் என்னைத் தோற்கடிக்க ஆள் இல்லாமல் போய், பொங்கல் ஆட்டத்துக்கு பிரேசிலை என் கையில் கொடுத்தார்கள். ஊர் வேலை என்று நினைத்து ஆடிக்கொடுத்தேன். அதிலிருந்து எல்லாப் பொங்கலுக்கும் கல்லோடைதான் சமைத்தது.

இல்லாத மனிதர்கள்

கல்லூரிக்குத் திருப்பத்தூர் போனேன். ஹாஸ்டல். சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினால் ஊர், ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிட வேண்டும்.

ஹாஸ்டலில் எல்லோருக்கும் கிரிக்கெட். "உன் டீம் எதுடி?" என்று கேட்டார்கள். பெரு என்றேன். கண்ணமங்கலத்துப் பெண் ஒருத்தி என் அறையில் இருந்தாள். போன ஆட்டத்தில் யார் ஜெயித்தார்களோ அவர்கள்தான் இந்த வாரம் அவளுடைய அணி. கேட்டால், "தோக்கறவங்களோட எதுக்கு நாமளும் சேந்து அழணும்?" என்பாள். அவளை நான் மட்டமாக நினைத்தேன். இப்போது யோசித்தால், எங்கள் இருவரில் தினமும் நிம்மதியாகத் தூங்கினது அவள்தான்.

கல்லூரி கம்ப்யூட்டரில் ஒருநாள் நிஜமான பெரு அணியைத் தேடிப் பார்த்தேன். அதே வெள்ளைச் சட்டை, அதே பட்டை. ஆனால் ஒரு முகம்கூடத் தெரியவில்லை. ஒரு பேரும் இல்லை. என் டெல்பினோ இல்லை, ரமால்டோ இல்லை, கசாவோ இல்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது. கேம் செய்தவர்களுக்கு நிஜப் பேர்களைப் போட அனுமதி கிடைக்கவில்லை, அதனால் தாங்களாகவே பதினொரு பேரை உண்டாக்கிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. கேம் செய்தவர்கள்மேல் இல்லை. அந்த நிஜ ஆட்கள்மேல். டெல்பினோ நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருவர் மார்பில் கைவைத்து நாட்டுப்பண் பாடிக்கொண்டிருந்தார்.

"அப்ப உன் டீம்ல ஆளே இல்லையா?" என்று கேட்டாள் கண்ணமங்கலத்துக்காரி.

"பதினொரு பேர் இருக்காங்க" என்றேன். அதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

பரிசத்தன்று

படித்து முடித்ததும் ஜமுனாமரத்தூரில் இ-சேவை மையத்தில் வேலை கிடைத்தது. அங்கே பிக்கப் வண்டிக்கு ஏதோ சான்று எடுக்க வந்தவர் குமரேசன். கல்லோடைக்காரர். பலாப்பழமும் சாமையும் ஏற்றிக்கொண்டு கீழே போகிற வண்டி அவருடையது. மாமன் முறை. ஒரே சான்றுக்கு ஐந்து முறை வந்தார். ஐந்தாவது முறை நானே கேட்டுவிட்டேன். எனக்கும் பிடித்திருந்தது.

அவருடைய அம்மா ராணி அத்தை எங்கள் பலாக்கொல்லையில் பிறந்தவர். அப்பாவுக்குத் தங்கை முறை. பரிசம் போட வந்த அன்று வெற்றிலைத் தட்டைக் கீழே வைப்பதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"வர்ற பொங்கலுக்குப் பாப்பா நம்ம பக்கம் ஆடும். வருசா வருசம் சமைச்சு சமைச்சு என் தோளு எறங்கிப் போச்சு."

"அது எப்படி? இன்னும் தாலி ஏறலயே" என்றார் முருகன் அண்ணன். "பொங்கல் வரைக்கும் அது பிரேசிலு."

"பரிசம் வாங்கியாச்சுன்னா எங்க பொண்ணு. அர்ஜென்டினா."

"நான் ரெண்டும் இல்ல அத்தை" என்றேன். "நான் பெரு."

"அது கல்யாணத்துக்கு முன்னாடி."

"பின்னாடியும் அதான்."

"கட்டிக்கினு வர்ற வூட்டுல ஒரு டீமு, உனக்கு மட்டும் ஒரு டீமா? ஊரு சிரிக்கும்."

அப்போதுதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். மாறச் சொன்னால் கல்யாணமே வேண்டாம். சொன்ன பிறகு சுற்றிப் பார்த்தேன். குமரேசன் மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பப் பெற்றுக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நானே எடுத்தது அந்த ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை.

வெற்றிலைத் தட்டு நடுவிலேயே நின்றது. இரண்டு ஊருக்கும் பொதுவான நாட்டாமையைக் கூப்பிடுவது என்று முடிவானது.

சாமியா, பானையா, ஆடா

நாட்டாமை வந்து பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்தார். பலாக்கொல்லை ஒரு பக்கம், கல்லோடை ஒரு பக்கம். அத்தை எழுந்தார்.

"நான் இந்த ஊர்ல பொறந்தவ. கட்டிக்கினு ஓடைய தாண்டினப்போ கொலசாமியையே மாத்திக்கினேன். தீட்டு மாறிச்சு, பொங்க வைக்கற எடம் மாறிச்சு. இவளுக்கு ஒரு பந்து டீமு மாறாதா?"

கல்லோடைப் பக்கம் தலைகள் ஆடின. நான் எழுந்தேன்.

"கல்யாணம் ஆனா என் மார்க் ஷீட்டு மாறுமாங்க? நான் படிச்ச படிப்பு மாறுமா? இது அந்த மாதிரி."

"படிப்பு மாறாது" என்று ஒத்துக்கொண்டார் நாட்டாமை. "அப்ப மொதல்ல இது இன்னான்னு தெரியணும். சாமி மாதிரியா, படிப்பு மாதிரியா?"

ஒரு மணி நேரம் அதைப் பேசினார்கள். சாமி என்றால் அதற்குப் படையல் ஏன் இல்லை என்று ஒரு கேள்வி. படிப்பு என்றால் படிக்காத முருகன் எப்படி வைத்திருக்கிறான் என்று இன்னொரு கேள்வி. சீர்ப்பானை மாதிரி என்று ஒருவர் சொன்னார்.

"பானை ஓடாதே" என்றார் பெரியப்பா.

"இது ஓடுது."

"ஓடறதுன்னா ஆடு."

ஆடு என்றதும் விஷயம் பிடிபட்டுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவர் முகத்திலும் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது, ஆனால் முதலில் சிரிப்பவர் தோற்றவர் என்பதுபோல் அடக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மலையில் விளையாட்டை அப்படித்தான் விளையாடுவோம்.

ஆட்டுக்கு எங்களிடம் வழக்கம் இருக்கிறது. பெண் தன் கையால் வளர்த்த ஆடு பெண்ணோடு போகும். அப்பன் வளர்த்தது அப்பன் பட்டியில் நிற்கும். யார் வளர்த்தது என்று சந்தேகம் வந்தால், மந்தையைத் தூரத்தில் ஓடவிட்டு, வளர்த்தேன் என்கிறவரைக் கூப்பிட்டு அடையாளம் சொல்லச் சொல்வார்கள். வளர்த்தவர் காது மடலில் போட்ட வெட்டைப் பார்க்க வேண்டியதில்லை. நடையைப் பார்த்தால் போதும்.

"டிவிய வெளிய தூக்கியாங்க" என்றார் நாட்டாமை. "ஒரு துண்டும் எடுத்தாங்க."

புளியமரத்தடியிலிருந்து

எதிர் அணியைக் கேமே ஆட, முருகன் அண்ணன் பெருவை ஆடினார். நாட்டாமை கையில் ஒரு குச்சி.

"இப்ப பந்து வச்சிக்கினு ஓடறான் பாரு. அவன் யாரு?"

கண்ணைச் சுருக்கினேன். இத்தனை வருஷமும் நான் பேரைப் படித்துத்தானே சொன்னேன். படிப்பை எடுத்துவிட்டால் எனக்கு என்ன தெரியும் என்று ஒரு நொடி பயந்துபோனேன். பிறகு அவன் திரும்பினான். திரும்பும்போது ஒரு சின்னக் குதி குதித்தான்.

"டெல்பினோ."

குமரேசன் மாமா துண்டைத் தூக்கினார். அவர் பத்தாவதுவரை படித்தவர். எழுத்துக்கூட்டித்தான் இங்கிலீஷ் வரும். "டெ… ல்… பி…" என்று அவர் கூட்டி முடிப்பதற்குள் பந்து இரண்டு பேர் கைமாறிவிட்டது. "சரி" என்றார்.

"அத வேகமா படிடா" என்றார் அத்தை. "பொண்டாட்டின்னு பொய் சொல்லிடாத."

"ரமால்டோ" என்றேன். பந்து வருவதற்கு முன்பே கையைத் தூக்குகிறவன். சரி. "கசாவோ." வரப்பில் நடப்பதுபோல் கோட்டை ஒட்டியே ஓடுவான். சரி. கோல் காக்கிற கோலி தனியாக நிற்பதால் அவனைச் சொன்னதற்குக் கல்லோடைக்காரர்கள் ஆட்சேபித்தார்கள், ஆனாலும் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல என் குரல் தானாக ஏறியது. அவர்களை எனக்குத் தெரிந்திருந்தது. பேர் இல்லாமலே தெரிந்திருந்தது.

பத்து பேர் ஆனார்கள். பத்தும் சரி.

அப்போது சொல்ல மிச்சமிருந்த அந்த ஒரு வெள்ளைச் சட்டை கீழே விழுந்து காலைப் பிடித்துக்கொண்டது. ரேஞ்சர் விசில் அடித்தார். அடிபட்டவனை வெளியே அனுப்பிவிட்டு, வெளியே உட்கார்ந்திருந்த ஒருவனை முருகன் அண்ணன் உள்ளே இறக்கினார்.

"புதுசா வந்தவன் யாரு?" என்றார் நாட்டாமை.

நெட்டையாக ஒருவன். ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினான். எனக்கு அவனைத் தெரியவில்லை. மதிப்பெண் குறைவு என்று நான் எப்போதும் வெளியிலேயே உட்காரவைத்திருந்த நாலைந்து பேரில் ஒருவன். வாயில் வந்த பேரைச் சொன்னேன்.

குமரேசன் மாமா துண்டைத் தூக்கினார். கூட்டிப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால் அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

"தப்பு" என்றார்.

அந்த நேரம் அவரைக் கொன்றுபோட வேண்டும்போல் இருந்தது. பிறகு யோசித்துப் பார்க்கையில், நான் அவரைக் கட்டிக்கொண்டதற்கு அந்த ஒரு சொல்லும் காரணம்.

"அவ்ளோதான்" என்று அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். "ஆடு அவளுது இல்ல."

"அவன் கொக்கு" என்று ஒரு குரல் கேட்டது.

பலாக்கொல்லை வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்த என் அப்பா.

"இன்னா சொன்ன?" என்றார் நாட்டாமை.

"கொக்குங்க. காலு நீளம். ஓடறப்போ எடது தோளு தொங்கும். பந்து வந்தா மொதல்ல மேல பாப்பான், அப்புறந்தான் காலுல வாங்குவான். பாருங்க, இப்ப பாப்பான்."

எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். பந்து வந்தது. நெட்டையன் முதலில் மேலே பார்த்தான்.

"திங்கக்கெழமையிலேர்ந்து வெள்ளிக்கெழம வரைக்கும் அவன்தான் ஆடுவான். சனிக்கெழம பாப்பா வர்றதுக்கு முன்னால அவன மறுபடி ஒக்கார வச்சிடுவோம்" என்றார் அப்பா.

"நீ பிரேசிலு ஆச்சே?"

"பிரேசிலுதாங்க. அது பங்காளிக்கு." அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புள்ள ஆஸ்டல்ல கீது. அது வச்சிட்டுப் போனத யாரு பாக்கறது? பட்டினியாவா போட முடியும்?"

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சித்தப்பா சத்தியம் வாங்கிட்டாரு" என்றார் முருகன் அண்ணன். "பட்டன் அமுக்கினது நானு. எவன எங்க ஓட வுடணும்னு பின்னால ஒக்காந்து சொன்னது அவரு. மூணு வருசம்."

இரண்டரை நட்சத்திரம் மூன்றரை ஆனது என் கட்டைவிரலால் என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாதிப் பாதி

அத்தை விடவில்லை. "அப்ப இது பொண்ணு வளத்த ஆடு இல்லயே. அப்பன் வளத்த ஆடு. அப்பன் பட்டியிலதான் நிக்கணும்."

சட்டப்படி அவர் சொன்னது சரி. நாட்டாமை குச்சியைக் கீழே வைத்தார். பிறகு, இரண்டு பேர் சேர்ந்து வளர்த்த ஆட்டுக்கு என்ன வழக்கமோ அதையே சொன்னார். பாதி மகளுக்கு, பாதி அப்பனுக்கு. மகளுடைய பாதி மகளோடு போகும். மந்தையைப் பிரித்தால் கெட்டுவிடும் என்பதால் அப்பன் பாதியும் மகள் வீட்டிலேயே மேயலாம். அப்பன் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

"பதினொண்ணு எப்படிங்க பாதியாவும்?" என்று கேட்டார் குமரேசன் மாமா.

"ஆளுக்கு அஞ்சு. கோலி ஊருக்குப் பொது" என்றார் நாட்டாமை. "வெளியில ஒக்காந்து கீறவங்களும் கணக்குல உண்டு."

முதலில் எடுக்கும் உரிமையை அப்பாவுக்குக் கொடுத்தார்கள். டெல்பினோவை எடுத்துவிடுவார் என்று பதறினேன். அப்பா யோசிக்காமல், "எனக்குக் கொக்கு" என்றார். அப்போதுதான் இரண்டு ஊரும் சிரித்தன. அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்த்துச் சிரித்தார்கள். அத்தைதான் முதலில் ஆரம்பித்தார் என்று பலாக்கொல்லையிலும், பெரியப்பாதான் என்று கல்லோடையிலும் இன்றுவரை சொல்லிக்கொள்கிறார்கள்.

கல்யாணம் நடந்தது. சீர்ப் பாத்திரங்களோடு அந்த மெமரி கார்டையும் மஞ்சள் துணியில் முடிந்து அம்மா கொடுத்தார். பொங்கலுக்கு மூன்று அணிகள் ஆடின. பெரு இரண்டு பேரிடமும் தோற்றது. இரண்டு ஊருக்கும் நானும் அப்பாவும் சமைத்தோம். உப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

ஆனால் நான் எழுத வந்தது அதற்கு முந்தின ஒரு மத்தியானத்தைப் பற்றி. கல்யாணமாகிப் பத்து நாள் இருக்கும். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்த அப்பா காரணமில்லாமல் சம்பந்தி வீட்டில் போய் உட்கார மாட்டார். ஒரு காதுகுத்தோ சாவோ திருவிழாவோ வர வேண்டும். அதுவரை மகள் எப்படி இருக்கிறாள் என்று சந்தையில் பார்க்கிறவர்களிடம் விசாரித்துக்கொள்ள வேண்டியதுதான். அப்பா ஓடையைத் தாண்டி ஏறி வருவதை வாசலிலிருந்து பார்த்தோம்.

"இன்னாண்ணே, இந்தப் பக்கம்?" என்றார் அத்தை.

"என் அஞ்சு பேர பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். "உன் பங்கு. பாக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு மோர் எடுக்க உள்ளே போனார். கல்லோடையிலும் அதற்குள் ஒரு பழைய கேம் பெட்டி வாங்கியிருந்தார்கள்.

அப்பா டிவிக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"புது எடம் ஒத்துக்கிச்சா அவங்களுக்கு?" என்றார்.

"ஒத்துக்கிச்சுப்பா."

"சரியா சாப்புடறாங்களா?"

"சாப்புடறாங்க."

"மொதல் ரெண்டு நாளு தூங்கியிருக்க மாட்டாங்க."

"தூங்கலப்பா. இப்ப தூங்கறாங்க."

அப்பா தலையை ஆட்டினார். கண்ணை டிவியிலிருந்து எடுக்கவே இல்லை. டிவியை நாங்கள் இன்னும் போடவில்லை.